பாரேனின் முன்னோர்

மேலக்கூடலில் ஏலக்காய் மண்டி வைத்திருந்த ஞானகுருசாமி, தன் ஒரே மகளுக்குப் பதில் சொல்வதற்காக ஆஸ்திரியா தேசத்திலிருந்து ஒரு நாயை வரவழைத்தார்.

மகள் சுகந்தி அந்த ஊர் மாட்டாஸ்பத்திரியில் டாக்டர். மின்வாரியத்தில் உதவிப் பொறியாளராக இருந்த கருணாகரனைக் கட்டிக்கொள்ளப் போவதாக, ஒரு ஞாயிற்றுக்கிழமை கறிக்குழம்பு ஊற்றிக்கொண்டே அவரிடம் சொன்னாள். கருணாகரனைக் குறை சொல்ல யாருக்கும் வாய் வராது. சூறைக்காற்றில் மரம் சாய்ந்து ஊர் இருண்டுபோனால், லைன்மேன்களுக்கு முன்னால் கம்பத்தடியில் போய் நிற்கிறவன் அவன். ஆனால் அவன் திண்டுக்கல் பக்கம் ஒரு அநாதை விடுதியில் வளர்ந்தவன். அவன் பேருக்கு முன்னால் இருந்த இனிஷியல்கூட அந்த விடுதிக் காப்பாளர் இரவல் கொடுத்தது. ஞானகுருசாமி இலையை மடித்தார்.

"நாய் வாங்குறவன்கூட வம்சம் பாத்துத்தான் வாங்குறான், தாயி" என்றார்.

சுகந்தி கரண்டியைக் கீழே வைக்கவில்லை. "வாங்கிக் காட்டுங்க" என்றாள்.

அவர் வாங்கிக் காட்டினார். உலகத்திலேயே கலப்பில்லாத நாய் எது என்று செல்போனில் தேடித் தேடி, கடைசியில் ஆல்ப்ஸ் மலைச்சரிவில் ஒரு கிராமத்தில் ஸ்டைன்பெர்கர் என்ற சாதியை மட்டும் பரம்பரை பரம்பரையாக வளர்த்து வந்த ஹெல்கா என்ற அம்மாளைக் கண்டுபிடித்தார். அந்த அம்மாள் யார் கேட்டாலும் நாயைத் தூக்கிக் கொடுத்துவிடுகிற ஆள் இல்லை. வீடியோவில் வந்து உட்கார்ந்து, வீட்டில் எத்தனை படிக்கட்டு, பகலில் வீட்டில் யார் இருப்பார்கள், குடும்பத்தில் யாருக்காவது கோபம் அதிகமா, இதற்கு முன் வளர்த்த பிராணி எப்படிச் செத்தது என்று கேட்டுக்கொண்டே போனாள். சுகந்தி அவள் இங்கிலீஷைத் தமிழாக்கிச் சொல்ல, ஞானகுருசாமி வெள்ளை வேட்டி சட்டையோடு, முதல்முறை பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் உட்கார்ந்த பெண்ணைப்போல முழங்காலில் கை வைத்துப் பதில் சொன்னார். பாடத் தெரியுமா என்பது ஒன்றைத்தான் அந்த அம்மாள் கேட்கவில்லை. கலப்பு நாயோடு இதைச் சேர விடமாட்டேன் என்று சத்தியம் வாங்கிக்கொண்டுதான் சம்மதித்தாள்.

நாய் விமானத்தில் சென்னை வந்து, அரசாங்கக் கொட்டடியில் சில நாள் காவலில் இருந்து, ஏசி வேனில் மேலக்கூடலுக்கு வந்து இறங்கியபோது தெருவே திரண்டு நின்றது. சாம்பல் நிறம், கன்றுக்குட்டி உயரம், தேன் நிறக் கண், அணிவகுப்பைப் பார்வையிட வந்த ஜில்லா அதிகாரியின் நடை. முதன்முதலாக வீட்டுக்குள் காலெடுத்து வைக்கிற உயிருக்கு வேறு என்ன செய்வதென்று தெரியாமல் ஞானகுருசாமியின் மனைவி லோகமணி ஆரத்தி எடுத்தாள். நாய் ஆரத்தித் தண்ணீரைக் குடித்துவிட்டது. அதன் பெயர் பாரன் அர்கோ ஃபான் ஸ்டைன்பெர்க் என்று ஞானகுருசாமி கூட்டத்துக்கு அறிவித்தார். பாரன் என்றால் அங்கே ஒரு பிரபுப் பட்டமாம். ஊர் அதைப் பாரேன் என்று கேட்டுக்கொண்டது. அன்று முதல் அந்தத் தெருவில் யாராவது "பாரேன்" என்று சொன்னால், அவர்கள் எதையாவது காட்டுகிறார்களா, நாயைக் கூப்பிடுகிறார்களா என்று நின்று விசாரிக்க வேண்டியதாயிற்று.

நாயோடு வந்த வம்சாவளிப் படத்தை, ஏழு தலைமுறைப் பெயர்கள் பொன்னெழுத்தில் கிளை விட்ட படத்தை, கண்ணாடி போட்டுக் கூடத்தில் மாட்டினார். அதற்கு இடம் வேண்டி அவருடைய அப்பாவின் போட்டோ மாடிப்படி ஓரத்துக்குப் போனது. வந்து போகிறவர்களுக்கெல்லாம் காபி தருவதற்கு முன்னால் படத்தை விளக்கினார். விளக்கும்போது ஓரக்கண்ணால் மகளைப் பார்த்துக்கொண்டார். சுகந்தி நாய்க்குக் குடற்புழு மருந்து கொடுத்தாள்.

நாய் ஊருக்குப் பழகி, லோகமணி கையால் ரசம் சோறு தின்னக் கற்றுக்கொண்ட பிறகு, ஒரு வெள்ளிக்கிழமை காலையில் பால்காரர் வந்து பார்த்தபோது, கேட்டுக்கு வெளியே அதே சாம்பல் நிறத்தில் இரண்டு நாய்கள் உட்கார்ந்திருந்தன. அவற்றின் காதுமடலில் உறைபனி ஒட்டிக்கொண்டிருந்தது. சித்திரை வெயில் ஏறியும் அது உடனே உருகவில்லை. பாரேன் ஓடிப்போய் அவற்றின் கழுத்துக்கடியில் மூக்கை நுழைத்து முனகியது. சுகந்தி ஆஸ்பத்திரிக் கருவியைக் கொண்டுவந்து தோலுக்கடியில் இருந்த அடையாள எண் சில்லைப் படித்துப் பார்த்தாள். கூடத்துப் படத்தில் இருந்த எண்கள்தான். ஒன்று பாரேனின் தகப்பன், மற்றது தாய். இரண்டும் செத்துப்போனவை என்றும் படத்திலேயே போட்டிருந்தது.

ஹெல்காவுக்குப் போன் போட்டார்கள். அவள் செருப்பை மாட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போகிற சத்தம் கேட்டது. பிறகு, ஆமாம், ஆப்பிள் மரத்தடியில் இரண்டு குழியும் உள்ளிருந்து திறந்துதான் கிடக்கிறது என்றாள். உயிரோடு இருந்த காலத்திலும் அவை சொல்லாமல் கிளம்புகிற ரகம்தானாம். தகப்பனுக்கு வயிறு சரியில்லை, ரொட்டி கொடுக்காதீர்கள் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

ஊர் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அம்மா அப்பா பிள்ளையைப் பார்க்க வருவதில் என்ன இருக்கிறது, வெளியூரில் வேலைக்குப் போன பையனைப் பார்க்க நாமும்தானே முறுக்கு டப்பாவோடு பஸ் ஏறுகிறோம் என்று பேசிக்கொண்டார்கள். லோகமணி உலையில் அரிசியைக் கூட்டிப் போட்டாள்.

அடுத்துத் தாத்தா பாட்டிகள் வந்தன. எத்தனை வரும் என்று ஊரே கணக்குப் போட்டு வைத்திருந்தது, நான்கு வரவேண்டும். மூன்றுதான் வந்தன. நான்காவது வழியில் எங்காவது தங்கியிருக்கும் என்று டீக்கடையில் காத்திருந்தார்கள். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் சோலைமணி, ஞானகுருசாமி வீட்டுக் கூடத்துக்கு வந்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, படத்தை மேலிருந்து கீழாகவும் கீழிருந்து மேலாகவும் படித்தார். நான்காவது ஒன்று கிடையவே கிடையாது. பாரேனின் அப்பனைப் பெற்றதும் அம்மையைப் பெற்றதும் ஒரே பாட்டிதான் என்று விளக்கினார். அதற்கு மேலே போகப் போகக் கிளைகள் விரிவதற்குப் பதிலாகக் குறுகிக்கொண்டே போவதையும், பொன்னெழுத்தில் ஒரே பெயர் நாலைந்து இடத்தில் இருப்பதையும் விரலால் தொட்டுக் காட்டினார்.

சேதி சந்தைக்குப் போய்ச் சேர ஒரு டீ குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. நாம் மாமன் மகளைக் கட்டுவோம், அத்தை மகளைக் கட்டுவோம், சில வீடுகளில் அக்கா மகளைக்கூடக் கட்டியிருக்கிறோம், அண்ணன் தங்கச்சியைக் கட்டிவைக்கிறதைத்தான் சீமையில் சுத்தம் என்கிறார்களா என்று ஏலக்காய் தரம் பிரிக்கிற பெண்கள் முந்தானையால் வாயை மூடிச் சிரித்தார்கள். ஞானகுருசாமி மண்டிக்குள் நுழைந்தால் சிரிப்பு நின்றது. நின்ற சிரிப்பு சிரித்த சிரிப்பைவிட மோசமாக இருந்தது. கலப்பு வரக்கூடாது என்றால் அப்படித்தான் என்று அவர் யாரும் கேட்காமலே பதில் சொன்னார்.

வருகை நிற்கவில்லை. பூட்டன்கள் வந்தன, ஓட்டன்கள் வந்தன. வரவர நாய்களின் தோரணை மாறிக்கொண்டே வந்தது. முதலில் வந்தவை பளபளவென்று இருந்தன. பின்னால் வந்தவற்றுக்கு முடி அடர்ந்து, மார்பு அகன்று, ஒன்றிரண்டின் காது மடிந்து தொங்கியது, ஒன்றின் சாம்பல் நிறத்தில் பழுப்புத் திட்டு இருந்தது. எல்லாவற்றுக்கும் வீடு போதாமல் ஏலக்காய்க் களத்தில் கொட்டகை போட்டார்கள். கறிக்கடை பாய் எலும்பைச் சாக்கில் போட்டு அனுப்பினார். பழைய தலைமுறை நாய்கள் ஆடு மேய்த்தவையாக இருந்ததால், ஊரில் யாருக்கு ஆடு இருந்தாலும் அவை கேட்காமலே பத்திக்கொண்டு போய் மேய்த்துச் சாயங்காலம் திருப்பிக் கொண்டுவந்தன. ஆடு இல்லாத நாளில் பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகளை மேய்த்தன. செத்துப்போன நாய்களுக்குத் தமிழ் தெரியாது. வா, போ, சனியனே என்ற மூன்றை மட்டும் லோகமணியிடமிருந்து கற்றுக்கொண்டன. அவள் சோறு வைக்கும்போதெல்லாம் சொன்னதால், மூன்றாவதை அவை செல்லப் பெயர் என்று எடுத்துக்கொண்டு, யார் யாரைச் சனியனே என்று திட்டினாலும் வாலை ஆட்டிக்கொண்டு கும்பலாக வந்து நின்றன. இதனால் அந்தத் தெருவில் பல சண்டைகள் பாதியில் நின்றுபோயின. ஊர்த் தெருநாய்கள் மட்டும் சமாதானம் ஆகவில்லை. டீக்கடையை எல்லையாக வைத்துக்கொண்டு, அந்தப் பக்கம் நின்று தொண்டை கட்டும்வரை குரைத்தன.

இப்படி எல்லாம் பழகிப்போன பிறகுதான் ஊருக்குப் பயம் வந்தது. நாய்க்கு வருகிறவர்கள் நமக்கு வந்தால் என்ன செய்வது என்று முதலில் யார் கேட்டார்கள் என்பது தெரியவில்லை. கேட்ட மாத்திரத்தில் எல்லோர் வீட்டிலும் அது உட்கார்ந்துகொண்டது. மேலக்கூடலில் வம்சப் பெருமை பேசாத வீடு கிடையாது. ஒரு வீட்டார் பாளையக்காரருக்குத் தளபதியாக இருந்தவர்கள், இன்னொரு வீட்டார் நாயக்கர் படையோடு குதிரையில் வந்தவர்கள், வேறொரு வீட்டார் மதுரைக் கோயிலில் முதல் மரியாதை வாங்கியவர்கள். அந்தத் தளபதி வந்து வாசலில் நின்று, நான் தளபதி இல்லையப்பா, குதிரைக்குப் புல் அறுத்தேன் என்று பக்கத்து வீட்டுக்காரன் முன்னால் சொல்லிவிட்டால் என்ன செய்வது. எங்க பாட்டன் காலத்தில் என்று ஆரம்பிக்கிற பேச்சை ஊர் அடியோடு விட்டுவிட்டது. தவறி யாராவது ஆரம்பித்தால், பாட்டன் காதில் விழுந்து கிளம்பிவிடப் போகிறார் என்று பக்கத்தில் இருப்பவர்கள் தொடையைக் கிள்ளினார்கள். அமாவாசைக்கு ஆற்றங்கரையில் தர்ப்பணம் செய்துவைக்கிற சாம்பசிவ ஐயருக்குத் தலைக்கு மேல் வேலை. இத்தனை வருஷம் முன்னோர்களே வாருங்கள் என்று கூப்பிட்டவர்கள், இப்போது இருக்கிற இடத்திலேயே சௌக்கியமாக இருங்கள் என்று சொல்வதற்கு மந்திரம் உண்டா என்று கேட்டார்கள். ஐயர் யோசித்துப் பார்த்து, மந்திரம் இல்லை, ஆனால் எள்ளுருண்டையைக் கொஞ்சம் பெரிதாகப் பிடித்தால் அவர்கள் சாப்பிட்டுவிட்டு அங்கேயே தூங்கிவிடுவார்கள் என்றார்.

சுகந்திக்கு ஞானகுருசாமி ஒரு வரன் பேசி வைத்திருந்தார்; கம்பத்துப் பக்கம் பெரிய எஸ்டேட் குடும்பம். நிச்சயத்துக்கு நாள் குறிக்க வரவேண்டியவர்கள் வரவில்லை. உங்கள் வீட்டு வாசலில் காற்று சரியில்லை என்று கேள்விப்பட்டோம், எங்கள் வீட்டில் பெரியவர்களைப் பற்றிச் சில விஷயங்கள் இருக்கின்றன, அவர்கள் வந்து நின்றால் சங்கடம் என்று தரகர் மூலமாகச் சொல்லி அனுப்பினார்கள். பத்து தலைமுறைப் பெருமை உள்ள குடும்பம் என்று அவர் தேடிப் பிடித்த குடும்பம் அது.

அன்று மத்தியானம் அவர் களத்துக் கொட்டகையில் போய், நாய்களுக்கு நடுவே கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்தார். சுகந்தி ஒரு கிழநாயின் பாதத்தில் முள் எடுத்துக்கொண்டிருந்தாள். அது யார் என்று அவர் கேட்டார். பாரேனுக்கு ஆறாவது தலைமுறைப் பாட்டி, பெயர் லீசல், பனிச்சரிவில் மாட்டிக்கொண்ட இரண்டு பிள்ளைகளை இழுத்து வந்ததாம், ஹெல்கா சொன்னாள் என்றாள். அவர் அந்தப் பாட்டியின் தலையைத் தடவிக் கொடுத்தார்.

"அப்பா, உங்க அப்பாவோட அம்மா பேரென்ன?" என்றாள் சுகந்தி.

"ஒச்சம்மா."

"அவங்க அம்மா?"

அவர் வாயைத் திறந்தார். தாத்தாவின் பெயர் தெரியும், தாத்தாவின் அப்பா மலை ஏறி ஏலத்தோட்டம் பிடித்த கதை தெரியும், அந்தக் கதையில் அவரோடு கோவேறு கழுதைகள் போனது தெரியும், ஒரு கழுதைக்குச் சின்னான் என்று பெயர் என்பதுகூடத் தெரியும். ஒச்சம்மாவைப் பெற்றவள் என்று ஒருத்தி இருந்திருக்க வேண்டும். அவள் கறுப்பா, சிவப்பா, எந்த ஊர், எதில் செத்தாள் என்று ஒன்றும் தெரியவில்லை. மகள் பதிலுக்குக் காத்திருந்தாள். ஜெயிப்பதற்காக இல்லை என்பது அவள் முகத்தில் தெரிந்தது. அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை.

"தெரியல தாயி" என்றார்.

"எனக்கும் தெரியல" என்று சொல்லிவிட்டு அவள் முள்ளைப் பிடுங்கினாள்.

அந்த வாரக் கடைசியில், வம்சாவளிப் படத்தில் இருந்த பெயர்களெல்லாம் வந்து முடிந்துவிட்ட பிறகு, படத்தில் இல்லாத ஒன்று வந்தது. பஸ் ஸ்டாண்டு பக்கமிருந்து, சாக்கடை ஓரமாக, அவசரமில்லாமல் நடந்து வந்தது. செம்பழுப்பு நிறம், சுருண்ட வால், ஒரு காது கிழிசல், விலா எலும்பை எண்ணலாம், பின்னங்காலில் லேசான நொண்டல். காதில் மட்டும் அந்த உறைபனி. லீசலும் மற்ற மூத்த தலைமுறைகளும் எழுந்து நின்று தலையைத் தாழ்த்தின. டீக்கடை எல்லையில் குரைத்துக்கொண்டிருந்த தெருநாய்கள் குரைப்பை நிறுத்தின. அதில் பெரியது முன்னால் வந்து புதிதாக வந்ததன் பின்பக்கத்தை முறைப்படி முகர்ந்தது, திரும்பித் தன் கூட்டத்தைப் பார்த்தது, பிறகு அப்படியே மண்ணில் புரண்டு நாலு காலையும் தூக்கியது. டீக்கடைக்காரர் பாய்லரை விட்டு வெளியே வந்து, நம்ம கருப்பட்டியோட அச்சு அசல் என்றார். கருப்பட்டி என்பது அவர் கடை முன்னால் படுத்துக் கிடக்கும் பெட்டைநாய்.

ஹெல்காவுக்குப் போனில் காட்டினார்கள். அவள் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தாள். கடைசியில், கேமராவை வேறு பக்கம் திருப்புங்கள், அந்த நாயை நான் பார்க்கவில்லை, நீங்களும் பார்த்திருக்க முடியாது என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள். அதன்பிறகு அவள் எண்ணுக்கு எப்போது அடித்தாலும் மணி மட்டும் போனது.

அதற்குப் பிறகும் முன்னோர்கள் வந்துகொண்டுதான் இருந்திருப்பார்கள். ஆனால் யார் வந்தவர், யார் ஏற்கெனவே இருந்தவர் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. தெருநாய்களெல்லாம் எல்லையைத் தாண்டி வந்து களத்தில் படுத்துக்கொண்டன. எல்லாமே செம்பழுப்பு, எல்லாமே சுருண்ட வால். காதில் பனி இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கப் போன சோலைமணி வாத்தியாரை ஒன்று கடித்துவிட்டது. அது உள்ளூர்க்காரனாகத்தான் இருக்கவேண்டும் என்று ஊசி போட்டுக்கொள்ளும்போது அவர் சொன்னார். பாரேனோ தன் எஜமானர் ஹெல்காவுக்குக் கொடுத்த சத்தியத்தைக் காற்றில் பறக்கவிட்டுக் கருப்பட்டியின் பின்னாலேயே திரிந்தது. ஞானகுருசாமி அதைப் பார்த்தும் பார்க்காததுபோல் மண்டிக்குப் போனார்.

ஒருநாள் அவர் மின்வாரிய அலுவலகத்துக்குப் போனார். வீட்டில் ஓல்டேஜ் குறைகிறது என்று ஆரம்பித்தார். கருணாகரன் எழுந்து நாற்காலி போட்டு, ஆள் அனுப்புகிறேன் என்றான். ஓல்டேஜைப் பற்றிப் பேச வேறொன்றும் இல்லாமல் போனதும் அவர் மேஜையில் இருந்த பியூஸ் கட்டையைக் கையில் எடுத்து உருட்டிக்கொண்டே கேட்டார்.

"கல்யாணத்துக்கு உங்க பக்கம் எத்தன பேரு வருவாங்க?"

கருணாகரனுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் கையிலிருந்த பேனாவை மூடி வைத்தான். "யாரும் இல்லீங்களே" என்றான்.

"அதுக்கில்ல. சாப்பாட்டுக்கு ஆள் கணக்குச் சொல்லணும்ல" என்று சொல்லிவிட்டு எழுந்தார்.

ஆவணியில் கல்யாணம். மண்டபத்தில் இடம் கேட்டால் நாய்களைக் கூட்டிக்கொண்டு வரக்கூடாது என்றார்கள், அதனால் ஏலக்காய்க் களத்திலேயே பந்தல் போட்டார்கள். பெண் வீட்டார் பக்கம் ஊரே உட்கார்ந்திருந்தது. மாப்பிள்ளை வீட்டார் பக்கம் மின்வாரியத்து லைன்மேன்கள் நாலு பேரும், விடுதிக் காப்பாளரும் இருந்தார்கள். மற்ற நாற்காலியெல்லாம் காலி. பந்தலில் நுழைந்த எல்லோர் கண்ணும் முதலில் அந்தக் காலி நாற்காலிகளில் போய் விழுந்து, பிறகு வேறு பக்கம் திரும்பியது. லோகமணி பந்தல்காரரைக் கூப்பிட்டுப் பாதி நாற்காலியை எடுத்துவிடச் சொன்னாள். கணவர் வேண்டாம் என்றார்.

முகூர்த்தத்துக்குக் கொஞ்சம் முன்னால், காலை பஸ் வந்து போன பிறகு, தெருமுனையிலிருந்து ஒரு கூட்டம் நடந்து வந்தது. ஆண்களும் பெண்களுமாக, சாயம் போன ஆனால் துவைத்து மடித்த உடைகளில், வெகுதூரம் வந்தவர்களின் புழுதியோடு வந்தார்கள். ஒரு பெண்ணின் புடவை ஓரம் ஈரமாக இருந்தது; ஒரு பெரியவர் விடாமல் இருமினார். எல்லோருக்கும் இடது புருவம் மட்டும் நடுவில் கொஞ்சம் மேலே தூக்கியிருந்தது, கருணாகரனுக்கு இருப்பதுபோல. ஊர்க்காரர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு தங்கள் பாட்டன்மார் யாராவது கூட வருகிறார்களா என்று பார்த்தார்கள். யாரும் வரவில்லை. வந்தவர்கள் யாரையும் எதுவும் கேட்காமல் நேராக மாப்பிள்ளை வீட்டார் பக்கம் போய் உட்கார்ந்தார்கள். நாற்காலிகள் சரியாகப் போதவில்லை. இரண்டு பேர் நின்றார்கள். சுகந்தியின் தாய்மாமன் ஓடிப்போய்ப் பன்னீர் தெளித்துச் சந்தனம் கொடுத்தார், அவர்களும் எடுத்துக்கொண்டார்கள்.

தாலியைக் கையில் வாங்கிய கருணாகரன் முதல் முடிச்சைப் போட்டான், இரண்டாவதையும் போட்டான். மூன்றாவது முடிச்சு நாத்தனார் போடவேண்டியது. எந்த நாத்தனாரைக் கூப்பிடுவது என்று தெரியாமல் மேளக்காரர் கெட்டிமேளத்தை இழுத்துக்கொண்டே போனார். மாப்பிள்ளை வீட்டார் பக்கமிருந்து ஈரப் புடவைக்காரப் பெண் எழுந்து வந்தாள். அவளுக்கு முப்பது வயதுகூட இருக்காது.

"தள்ளுங்க, நான் போடுறேன்" என்றாள்.

போட்டுவிட்டு இறுக்கிப் பார்த்தாள். பிறகு பெற்றவளின் உரிமையோடு கருணாகரனின் முகத்தைத் தாடையில் கை வைத்துத் திருப்பி, "ஏன்டா இப்படி எளைச்சுப் போயிருக்க" என்றாள். கருணாகரன் அட்சதை விழுந்துகொண்டிருந்த அந்த இடத்தில், புதுப் பெண்டாட்டியின் கையைப் பிடித்தபடியே, ஊர் பார்க்க அழுதான்.

முதல் பந்தியில் அவர்களைத்தான் உட்கார வைத்தார்கள். நன்றாகச் சாப்பிட்டார்கள். இலைக்கு இலை ஞானகுருசாமியே நின்று கவனித்தார். பந்தி முடிகிற நேரத்தில், இருமிக்கொண்டிருந்த பெரியவர் பாயசத்தை ஒரு வாய் உறிஞ்சிவிட்டு டம்ளரைத் தள்ளி வைத்தார். இடது புருவத்தை இன்னும் கொஞ்சம் மேலே தூக்கினார்.

"என்னங்க பாயசம் இது, பொண்ணு வீட்டுல வெல்லமே கெடைக்கலியா?" என்று பந்தல் முழுக்கக் கேட்கிற குரலில் கேட்டார்.

பந்தியில் எல்லோர் கையும் இலையிலேயே நின்றது. மேலக்கூடலில் இதுவரை யாரும் ஞானகுருசாமியை அப்படிக் கேட்டதில்லை. அவர் தோளில் இருந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார். இரண்டு கையையும் கூப்பினார்.

"தப்புத்தான், மன்னிச்சுக்கங்க சம்பந்தி" என்று சொல்லிவிட்டு, வெல்லம் கரைத்து ஊற்றச் சொல்லி, அடுப்படியைப் பார்த்து ஓடினார்.